நோரீனுக்குப் பதில் ஆள்

ஆஷ் க்ரீக்கில் ஆர்லன் வோல்ட்டைக் கேலி செய்ய நினைப்பவர்கள் வரிசையில்தான் நிற்கவேண்டும். அந்த வரிசையில் முதல் ஆளாக அவரே நின்றுகொண்டிருப்பார். தன் வழுக்கை, தன் குறட்டை, ஒரு மானைக்கூட முறையாகச் சுட்டறியாத தன் துப்பாக்கி என்று எதையும் விட்டுவைக்கமாட்டார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தன்னைக் கேலி செய்துகொண்டது கிடையாது. லீவு எடுக்கும் கலையில் தன்னை அடித்துக்கொள்ள விஸ்கான்சின் மாநிலத்திலேயே ஆள் இல்லை என்று மனசார நம்பியிருந்தார். அந்த நம்பிக்கை மண்ணைக் கவ்விய கதையைத்தான் இப்போது எல்லாவற்றையும்விட அதிகமாகச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஆர்லனுக்கு வேலை ஊருக்கு வெளியே உள்ள அட்டைப்பெட்டி ஆலையில். சுற்றுவட்டாரத்துப் பாலாடைக்கட்டி முழுக்க அந்தப் பெட்டிகளில்தான் ஊர் ஊராகப் போகிறது. ஆலை கொடுக்கும் லீவில் பல ரகம் உண்டு. எல்லாருக்கும் பொதுவான பண்டிகை நாட்கள் ஒரு ரகம். உழைக்க உழைக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் சம்பள விடுப்பு இன்னொரு ரகம். இவற்றுக்கெல்லாம் மேலே, கிரீடம் வைத்ததுபோல, விருப்ப விடுமுறை என்று ஒரு நாள். எந்த நாள் வேண்டுமோ எடுத்துக்கொள், காரணம் கேட்கமாட்டோம், சம்பளமும் உண்டு என்று கம்பெனி தருகிற நாள் அது. வருஷம் முடிவதற்குள் எடுக்காவிட்டால் போச்சு.

ஜனவரி பிறந்ததும் வருகைப் பதிவு கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய காலண்டரை மாட்டுவார்கள். சீனியாரிட்டிப்படி ஒவ்வொருவராக வந்து, தனக்கு வேண்டிய நாளின் கட்டத்தில் பெயரை எழுதவேண்டும். கட்டிங் மெஷினில் நிற்கும் பெண் தன் அம்மாவின் நினைவு நாளை எடுப்பாள். கால்பந்து இறுதிப் போட்டிக்கு மறுநாளான திங்கட்கிழமைக்கு ஒரு கூட்டம் அடித்துக்கொள்ளும். ஆர்லனோடு சரக்கு ஏற்றும் பாவ் ஷோங், தன் மோங் இன மக்களின் புத்தாண்டுக்கு எடுப்பான். ஆலையிலேயே பழைய ஆள் ஆர்லன்தான் என்பதால் முதல் பேனா அவர் கைக்குத்தான் வரும். அவர் எழுதுவது எப்போதும் ஒரே கட்டத்தில்தான். நவம்பரில் மான் வேட்டை திறக்கும் சனிக்கிழமை. கிறிஸ்துமஸ் ஆர்டர் குவியும் அந்த மாதத்தில் ஆலைக்குச் சனி, ஞாயிறு எல்லாமே வேலை நாள்தான். அதனால் அந்தச் சனிக்கிழமை கிடைப்பது லாட்டரி அடிப்பதுபோல. அந்த லாட்டரி வருஷா வருஷம் ஆர்லனுக்கே விழும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன் வறுவலுக்காக ஊரே மதுக்கடையில் கூடும்போது ஆர்லனின் மேஜைதான் ஆலோசனை மையம். எந்தப் பண்டிகையோடு எந்த லீவை ஒட்டினால் எத்தனை நாள் சேர்ந்து வரும் என்று பிராந்தியை உறிஞ்சியபடி சொல்லுவார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் வந்து, எனக்குக் கோடை முழுக்க லீவுதான், ஆனால் ஒரு சென்ட் சம்பளம் கிடையாது, இதற்கு என்ன வழி என்று கேட்டால் ஆர்லன் உதட்டைப் பிதுக்குவார். மாவட்ட அலுவலகத்துக்காரர்கள் செத்துப்போன ஜனாதிபதிகளின் பெயரால் எல்லாம் லீவு வாங்குகிறார்களே என்று வயிறெரிவார். பால் பண்ணைக்காரர்கள் மட்டும் அந்த மேஜைப் பக்கம் வருவதில்லை. பசுமாடு காலண்டர் பார்ப்பதில்லை.

அவருடைய கலையில் ஒரு தாரக மந்திரம் இருந்தது. புதன்கிழமை லீவு எடுக்கிறவன் மடையன். வியாழனை எடுத்தால் வெள்ளியை இழுத்துப்போட்டு வார இறுதியோடு ஒட்டலாம். செவ்வாயை எடுத்தால் திங்களைப் பிடித்துப் பின்பக்கம் ஒட்டலாம். புதன் எதிலும் ஒட்டாது, நட்டாற்றில் நிற்கும். ஜூலையில் ஆலையே ஒரு வாரம் மூடும்போது வரும் புதனைக்கூட அவர் தனியாக மதித்ததில்லை. அந்த வாரம் அவர் நண்பர்களோடு கனடாவுக்கு மீன் பிடிக்கப் போய்விடுவார்.

அவர் மனைவி நோரீனுக்கு லீவு கிடைப்பது புதன்கிழமை மட்டும்தான்.

நோரீன் வேலை பார்ப்பது கடைத்தெருவில் இருக்கும் ப்ரெண்டாவின் உணவகத்தில். பொழுது விடியும் முன்னாலேயே திறந்து, பிற்பகலில் மூடுகிற கடை அது. முட்டை, உருளைக்கிழங்கு வறுவல், பான்கேக், வாடிக்கையாளர் போதும் என்று கோப்பையைக் கவிழ்க்கும்வரை காப்பி. அங்கே பண்டிகை லீவும் இல்லை, சம்பள விடுப்பும் இல்லை, விருப்ப விடுமுறையும் இல்லை. உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் சாவு, எதுவானாலும் ஒரே சட்டம்தான். உனக்குப் பதில் ஒரு ஆளை நீயே பிடித்துக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுப் போ. ஆள் கிடைக்காவிட்டால் நீயே வந்து நில். அன்றைய கூலியும் டிப்ஸும் வந்து நின்றவருக்குத்தான்.

ஆர்லன் தனக்கு லீவு வாய்க்கும் நாளில் என்ன செய்வார் என்று கேட்டால் சிரிப்பு வரும். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் நேரே ப்ரெண்டாவின் கடைக்கு வந்து, கல்லா ஓரத்தில் கடைசி ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். நோரீன் ஒரு கையில் மூன்று தட்டும் மறு கையில் காப்பி ஜாடியுமாகப் பறந்துகொண்டிருப்பாள். அவள் தன்னைத் தாண்டும்போதெல்லாம் ஆர்லன் பெருந்தன்மையோடு சொல்வார், "அவசரமே இல்லை நோரீன், எனக்கு இன்னிக்கு லீவு." கல்யாணமான புதிதில் ஆரம்பித்த வாசகம். பேத்தி பிறந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாளும் டிப்ஸ் வைத்ததில்லை. சொந்தப் பெண்டாட்டிக்கு யாராவது டிப்ஸ் வைப்பார்களா, ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடுவதா என்று கேட்டு, அதற்கும் அவரே சிரித்துக்கொள்வார்.

போன வருஷம் அக்டோபரில் ஒருநாள் நோரீன் வேலை முடிந்து வந்து, சமையலறையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். தன் தம்பி டக் அப்பாவின் காட்டு நிலத்தை விற்றுவிட்டான் என்றும், வாங்கியவன் பக்கத்து மாநிலத்து இல்லினாய்க்காரன் என்றும், டிசம்பரில் பத்திரம் முடிகிறது என்றும் சொன்னாள். அந்த நிலத்தில்தான் அவள் அப்பா மரத்தில் கட்டிய வேட்டைப் பரண் இருந்தது. வருஷா வருஷம் ஆர்லன் ஏறி உட்கார்ந்து ஒன்றையும் சுடாமல் இறங்கி வருவது அந்தப் பரணிலிருந்துதான்.

"அப்போ அடுத்த வருஷம் நான் எங்க போய் உட்கார்றது?" என்று கேட்டார் ஆர்லன்.

இந்த இடத்துக்கு வரும்போது இன்றைக்கும் கதையை நிறுத்திவிட்டுத் தன் தலையில் தானே ஒன்று போட்டுக்கொள்கிறார்.

நோரீன் குனிந்து செருப்பைக் கழற்றினாள். பிறகு சொன்னாள். "இந்த வருஷம் நான் போகணும் ஆர்லன். அப்பா பரண்ல, முதல் நாள்."

ஆர்லனுக்கு அது சுலபமாகப் புரிந்திருக்கவேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் நோரீன் குறி தவறாமல் சுடுவதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ப்ரெண்டாவின் கடையில் சேர்ந்த வருஷத்திலிருந்து அவள் முதல் நாள் வேட்டைக்குப் போனதே கிடையாது. வேட்டை திறக்கும் காலை என்றால் அந்தக் கடைக்குத் தேர்த் திருவிழா மாதிரி. காட்டுக்குப் போகிற அத்தனை பேரும் அங்கே வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் போவார்கள். ஆனால் ஆர்லன் அந்த நேரத்தில் கணவனாக யோசிக்கவில்லை, லீவு நிபுணராகத்தான் யோசித்தார். வேட்டைக் காலம் அடுத்த ஞாயிறுவரை இருக்கிறதே, நடுவில் உனக்குப் புதன்கிழமை லீவுதானே, அன்றைக்குப் போகலாமே என்று வழி சொன்னார்.

"புதன்கிழமைக்குள்ள மானெல்லாம் வெடிச் சத்தத்துக்குப் பயந்து இல்லினாய் போய்ச் சேர்ந்திருக்கும்" என்றாள் நோரீன். எழுந்து போய் உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தாள்.

மறுநாளே ஆர்லன் ப்ரெண்டாவைப் பார்க்கப் போனார். தொழிலாளிக்கு ஓய்வு எவ்வளவு அவசியம், தன் ஆலையில் எத்தனை ரகம் லீவு, மற்ற முதலாளிகள் எப்படியெல்லாம் நடந்துகொள்கிறார்கள் என்று ஒரு சொற்பொழிவே நடத்தினார். ப்ரெண்டா பன்றி இறைச்சியைக் கல்லில் புரட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். அவளும் தன் கடையில் லீவு இல்லாமல் நிற்கிறவள்தான்.

"நான் அவளைப் போகவேண்டாம்னு சொல்லலையே. பேஷா போகட்டும். அவ இடத்துல ஒரு ஆளை நிறுத்து. அன்னிக்கு மட்டும் ஆளில்லாம என்னால முடியாதுய்யா."

சரி, ஒரு ஆள்தானே என்று ஆர்லன் கிளம்பினார். ப்ரெண்டா கடையில் முன்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற லூஎல்லாவைக் கேட்டார். அவளுக்கு முழங்கால் இரண்டும் மாற்று முழங்கால், ஆனாலும் முதல் நாள் காட்டுக்குப் போகிறாளாம். தேவாலயத்துப் பாதிரியாரின் மனைவியைக் கேட்டார். அவள் பாதிரியாரையே கூட்டிக்கொண்டு போகிறாளாம். கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் வாரக் கடைசியில் ஊருக்கு வருகிறாளே என்று பார்த்தால், அவள் வருவதே மான் சுடத்தானாம். கேட்டவர்கள் எல்லாரும் ஒன்றுபோலச் சிரித்தார்கள். வேட்டை திறக்கிற அன்று ஊரில் எவன் இருப்பான் என்பதுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

ஆலையில் யாராவது அன்றைக்கு லீவில் இருந்தால் அவர்களையே கேட்கலாமே என்று தோன்றியது. காலண்டர் முன்னால் போய் நின்று நவம்பரைப் புரட்டினார். அந்தச் சனிக்கிழமை, வேலை அதிகம் என்று ஒரு ஆளுக்குமேல் லீவு கொடுக்கமாட்டார்கள். கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அவர் கையெழுத்துதான்.

அப்போதும் மனுஷனுக்கு உடனே மனசு வரவில்லை. விருப்ப விடுமுறையை எடுத்துப் போய் இன்னொரு கடையில் வேலை செய்வதா? அவர் கட்டிக் காத்த கலைக்கே அவமானம் இல்லையா? நிலம் போகப்போகிறது என்றால் தனக்கும்தானே அது கடைசி வருஷம்? இப்படியெல்லாம் தனக்குத்தானே வக்கீலாகி வாதாடிக்கொண்டு, வீட்டில் வாயைத் திறக்காமல் நடமாடினார்.

ஒரு புதன்கிழமை வேலை விட்டு வந்தபோது கொல்லைக் கொடியில் நோரீனின் பழைய ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டு காற்றாடிக்கொண்டிருந்தது. ஆர்லன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல உள்ளே போனார். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது கோட்டைக் காணோம். நோரீன் அதை மடித்து, பூச்சி உருண்டை போட்டு, மறுபடியும் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய லீவை அவள் கேட்கவே இல்லை. கேட்டால் கொடுக்கிற ஆள்தானா இவர் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று ஆர்லனுக்குத் தோன்றியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அதை உள்ள வைக்காதே. அன்னிக்குக் கடைக்கு நான் போறேன்" என்றார்.

நோரீன் திரும்பிப் பார்த்தாள். பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உனக்கு ஒரு காப்பிக் கோப்பையைச் சிந்தாம எடுத்துட்டு வரத் தெரியுமா?"

"தெரியாது. கத்துக்குடு."

அடுத்த சில வாரங்களுக்கு அந்த வீட்டில் காலித் தட்டுகளை முழங்கையில் அடுக்கிக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தது ஆர்லன்தான். உடைந்த தட்டுகளைப் பற்றி நோரீன் ஒன்றும் சொல்லவில்லை.

வேட்டை திறக்கும் அன்று இருட்டோடு இருட்டாக நோரீன் காட்டுப் பக்கமும் ஆர்லன் கடைப் பக்கமும் போனார்கள். அவள் ஆரஞ்சுக் கோட்டில் போனாள். அவர் அவளுடைய பூப்போட்ட ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார், கை பின்னால் எட்டாததால் முடிச்சை ப்ரெண்டாதான் போட்டுவிட்டாள். கதவு திறந்ததும் ஊரே ஆரஞ்சு வேட்டைக் கோட்டில் உள்ளே வந்தது. பாவ் ஷோங் ஆலைக்குப் போகும் வழியில் இதைப் பார்ப்பதற்கென்றே வண்டியை நிறுத்திவிட்டு வந்தான்.

"பெரியவரே, இதுக்கும் கம்பெனிதான் சம்பளம் குடுக்குதா?"

"குடுக்குது. வாயை மூடிக்கிட்டு உட்கார்."

முதல் ரவுண்டிலேயே ஒருவருடைய முட்டை இன்னொருவருக்குப் போனது. லூஎல்லாவின் பான்கேக் மீது காப்பி கொட்டியது. ஆர்லன் எழுதிக் கொடுத்த ஆர்டரைப் படிக்க முடியாமல் ப்ரெண்டா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இது முட்டையா முயலா என்று கேட்டாள். பாதிரியார் மட்டும் தனக்கு வந்தது எதுவானாலும் ஜெபம் செய்து சாப்பிட்டார். காட்டுக்குப் போகும் கூட்டம் வடிந்து, மூச்சு வாங்கலாம் என்று பார்த்தால், குளிர் தாங்காமல் காட்டிலிருந்து திரும்பும் கூட்டம் வந்துவிட்டது. ஆலையில் அட்டைக் கட்டுகளைத் தூக்கியே வயதான ஆள்தான் ஆர்லன். ஆனால் அங்கே சுமையை இறக்கினால் தீர்ந்தது, இங்கே இறக்கிய இடத்திலேயே அடுத்ததைக் கேட்டார்கள். பாதம் இரண்டும் நெருப்பாக எரிந்தது. இதே பாதத்தோடு நோரீன் வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரிப்பாள்.

நடுப்பகல் வாக்கில் கதவு திறந்து நோரீன் வந்தாள். மூக்கும் கன்னமும் குளிரில் சிவந்திருந்தன. நேராகப் போய்க் கல்லா ஓரத்துக் கடைசி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஏதாவது கிடைத்ததா என்று நாலா பக்கமும் கேட்டார்கள்.

"வந்துச்சு. நல்ல கொம்பு வச்ச கலைமான். பரணுக்கு நேர் கீழ வந்து நின்னுச்சு" என்றாள் நோரீன்.

எங்கே, வண்டியில் இருக்கிறதா என்று இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள்.

"சுடலை. என் லைசென்ஸுக்கு ஒரு மான்தான், சுட்டா அதோட சரி. இறக்கணும், இழுக்கணும், வீட்டுக்கு வரணும். எனக்கு நாள் முழுக்க வேணும்னு விட்டுட்டேன். இன்னும் பாதி நாள் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. வேட்டைக்காரர்களுக்கு அது கொஞ்சம் புரியத்தான் செய்தது. ஆர்லன் அந்த நேரம் இடது கையில் மூன்று தட்டும் வலது கையில் காப்பி ஜாடியுமாக அவளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். உனக்கு என்ன வேண்டும், இதோ வந்துவிடுகிறேன் என்று ஓடியபடியே சொன்னார்.

"அவசரமே இல்லை ஆர்லன். எனக்கு இன்னிக்கு லீவு."

குத்தலாக அவள் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்கு அவசரம் இல்லை, நிஜமாகவே அன்றைக்கு லீவு. சூடான கடைக்குள் உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, நிம்மதியாகச் சொன்னாள். அப்படித்தான் தானும் இத்தனை வருஷமும் சொல்லியிருப்போம் என்று ஆர்லனுக்குத் தெரிந்தது. முழங்கையில் தட்டுச் சூடு ஏறும்போது அந்த வார்த்தை எப்படிக் கேட்கும் என்பது மட்டும்தான் இதுவரை தெரியாமல் இருந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார். தட்டுக்குச் சொந்தக்காரர் தன் முட்டை ஆறுகிறது என்று ஞாபகப்படுத்தவேண்டியிருந்தது.

நோரீன் நிதானமாகச் சாப்பிட்டாள். சூப்பை மறுபடி வாங்கிக் குடித்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்கே திரும்பிப் போனாள். ஆர்லன் அவள் கோப்பையை எடுக்கப் போனபோது அடியில் பத்து டாலர் நோட்டு ஒன்று மடித்து வைத்திருந்தது. அதை ப்ரெண்டா பார்த்தாள், காட்டிலிருந்து திரும்பியிருந்த லூஎல்லா பார்த்தாள், பாதிரியாரும் பார்த்தார். பெண்டாட்டியே டிப்ஸ் வைத்துவிட்டாள் என்று ஆர்லன் ஏதோ ஜோக் அடிக்கப் பார்த்தார். பிறகு நோட்டை மடித்தபடியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

சாயங்காலம் நோரீன் வீட்டுக்கு வந்தபோது ஆர்லன் வெந்நீர்த் தொட்டியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிற்பகலில் எதுவுமே வரவில்லை, ஒரு அணில் மட்டும் மணிக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தது என்று அவள் சொன்னாள். சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தை எத்தனை லீவு நாளில் தவறவிட்டோம் என்று ஆர்லன் கணக்குப் போடவில்லை. லீவுக் கணக்கில் தனக்கு இருந்த நம்பிக்கைதான் போய்விட்டதே.

ஜனவரி பிறந்தது. புதுக் காலண்டர் ஏறியது. வழக்கம்போல முதல் பேனா ஆர்லன் கைக்கு வந்தது. பரண் போய்விட்டதால் இந்த முறை பெரியவர் அந்தச் சனிக்கிழமையை விட்டுக்கொடுத்துவிடுவார் என்று பின்னால் நின்றவர்களுக்கு நப்பாசை. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஆர்லன் நவம்பர் பக்கம் போகவே இல்லை. பிப்ரவரியில் ஒரு கட்டத்தைத் தேடி, எச்சில் தொட்டுப் பேனாவைச் சரிசெய்துகொண்டு, பெயரை எழுதினார்.

பாவ் ஷோங் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"பெரியவரே, கட்டம் மாறிப் போச்சு. இது புதன்கிழமை. அன்னிக்கு ஒரு விசேஷமும் இல்லையே."

"அன்னிக்கு நோரீனுக்கு லீவு" என்றார் ஆர்லன்.